கரண்ட் போய் வந்த நாட்களில் மட்டும்

விசுவமடுவில் எங்கள் வீட்டு விறாந்தைதான் என் வகுப்பறை. பின்னேரம் நாலரைக்குப் பிள்ளைகள் சைக்கிள்களை வேம்பில் சாத்திவிட்டு வந்து உட்காருவார்கள். ஆங்கிலம் படிப்பிக்கிறேன். காதால் கேட்டுப் பழகாமல் ஒரு பாஷை வாயில் ஏறாது என்பது என் பிடிவாதம். ஆகவே சுவரில் 32 இஞ்சி ரீவி ஒன்று, அதற்குக் கீழே பழைய தையல் மெசின் மேசையில் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு மினி பிசி. அந்தப் பெட்டி என்னைப் படுத்திய பாட்டையும், கடைசியில் பிழை எங்கே இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு தலையைப் பிய்க்கும் யாருக்காவது ஒரு பஸ் காசு மிஞ்சட்டும்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நிற்பாட்டிய காலத்தில் என்னிடம் இருந்தது பெரிய மேசைக் கொம்பியூட்டர். யூபிஎஸ் ஐந்து நிமிடம் கத்திவிட்டுப் படுத்துவிடும். பிறகு அதன் பற்றரியும் செத்தது. கரண்ட் வந்து வந்து போனதில் ஒரு நாள் கொம்பியூட்டரின் பவர் சப்ளையும் புகைந்தது. இரண்டு வருடம் போனை வைத்தே சமாளித்தேன். 2024 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த லண்டன் அண்ணா, தான் பாவித்த மினி பிசியைச் சூட்கேசில் சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். இன்டெல் என்100 சிப் போட்டது. சாதாரண வேலைக்குப் பத்து, இருபது வாட்தான் இழுக்கும். பழைய குண்டு பல்ப் ஒன்றே அதைவிடக் கூடத் தின்னும். வீட்டுக் கமராக்களைப் பதிவு செய்ய வைத்திருந்ததாம். இந்த ஒரு வரியை அப்போதே காதில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

முதல் நாளே ரீவி "நோ சிக்னல்" என்றது. பெட்டியில் நீல வெளிச்சம் எரிகிறது, காற்றாடி மெல்லச் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. லண்டனுக்குத் திரும்பிவிட்ட அண்ணாவைக் கூப்பிட்டால் அங்கே விடியற்காலை. போனை எடுத்தவர் நித்திரைக் குரலில், "கீபோட்டில் கப்ஸ் லொக்கை அமத்திப் பார்" என்றார். அமத்தினால் கீபோட்டின் சின்ன விளக்கு எரிந்தது, திரும்ப அமத்தினால் அணைந்தது. "அப்ப பெட்டி உயிரோடதான் இருக்கு. வயரைப் பார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திரை கறுப்பாக இருக்கும்போது பெட்டி செத்ததா, திரைக்குப் போகும் வழி செத்ததா என்று அறிய இதைவிடச் சுலபமான வழியை நான் இன்னும் காணவில்லை. விண்டோஸ் என்றால் இன்னொன்றும் உண்டு: விண்டோஸ் கீ, கொன்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை அமத்தினால் கிராபிக்ஸ் ட்ரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருள்) ஒருமுறை தன்னை உதறி எழும்பும். திரை சிமிட்டும், சில வேளை ஒரு சின்ன "பீப்" கேட்கும்.

பிழை வயரில்தான். அண்ணா தந்த வயர்க் கட்டில் யூஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் வயர் ஒன்று இருந்தது. எச்டிஎம்ஐ என்பது படமும் சத்தமும் ஒரே வயரில் ரீவிக்குப் போகும் வழி. பெட்டியின் முன்பக்கம் யூஎஸ்பி-சி துளை கைக்கு வசதியாக இருந்ததால் அதிலே செருகியிருந்தேன். துளை ஒன்றாகத் தெரிந்தாலும் எல்லா யூஎஸ்பி-சியும் படம் தராது. சிலது கோப்புகளை மட்டும் கடத்தும், சிலது சார்ஜும் செய்யும், சிலதுதான் டிஸ்பிளேபோர்ட் என்ற படச் சிக்னலையும் வெளியே விடும். துளைக்குப் பக்கத்தில் டி, பி இரண்டும் பின்னிய குறியோ மொனிற்றர் படமோ இருந்தால் நம்பலாம். என் பெட்டியின் முன்துளையில் ஒன்றும் இல்லை. பின்பக்க எச்டிஎம்ஐயில் சாதாரண வயரைப் போட்டதும் படம் வந்தது. நாலு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே ஸ்டார்ட் பட்டன் பாதி மறைந்திருந்தது. ரீவியின் படச் செட்டிங்கில் அளவை "ஜஸ்ட் ஸ்கான்" என்று மாற்ற அதுவும் சரி. சில ரீவியில் இதையே "ஸ்கிரீன் ஃபிட்" என்பார்கள்.

ஒரு மாதம் நிம்மதி. பிறகு மாமியின் நாடகம் வகுப்பு நேரத்துக்கு மாறியது.

மாமிக்கு ரீவியை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும், அது வேறு அரசியல். புகைந்த கொம்பியூட்டரின் 17 இஞ்சிச் சதுர மொனிற்றரைத் தூசு தட்டி எடுத்தேன். அதில் விஜிஏ என்ற பழைய படத் துளை மட்டும்தான். எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் ஒரு குட்டிக் கொன்வேட்டரைக் கிளிநொச்சியில் வாங்கினேன். பத்து நிமிடம் படம் நன்றாக இருக்கும், பிறகு கண் சிமிட்டும், பிறகு கறுப்பு. தொட்டுப் பார்த்தால் கொன்வேட்டர் கொதிக்கிறது. எச்டிஎம்ஐ துளையில் 5 வோல்ட் தரும் முள் ஒன்று உண்டு, ஆனால் அது கட்டாயம் தரவேண்டியது 55 மில்லிஅம்பியர் மட்டும். டிஜிட்டலை அனலொக் ஆக்கும் சிப்புக்கு அந்தப் பிச்சைக் காசு எல்லா நேரமும் போதாது. பக்கவாட்டில் தனியாக யூஎஸ்பி கரண்ட் கொடுக்கும் துளை உள்ள கொன்வேட்டரைத் தேடி வாங்கிய பிறகு சிமிட்டல் நின்றது. நூறு, இருநூறு ரூபாய் கூட இருந்தாலும் அதை வாங்குங்கள்.

ஆனால் அந்தக் கொன்வேட்டர் சத்தத்தை விழுங்கியது. விஜிஏ வயரில் சத்தமே போகாது என்பது எனக்குத் தெரியும், ஆகவே ஸ்பீக்கரைப் பெட்டியின் இயர்போன் துளையில்தான் கொளுவியிருந்தேன். அப்படியும் ஊமை. கொன்வேட்டரின் இடுப்பில் ஒரு சின்ன இயர்போன் துளை இருக்கிறது அல்லவா, அதனால் அது "நான் சத்தமும் வாங்குவேன்" என்று விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. விண்டோஸும் நம்பி முழுச் சத்தத்தையும் அங்கே அனுப்பிவிடுகிறது. ஒருவரும் கேட்காத துளையில் அன்றைய பாடம் முழுக்க ஓடியிருக்கிறது. கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அமத்தி, வரும் பட்டியலில் இயர்போன் துளையின் பெயரைத் தெரிவு செய்ததும் சரியானது.

அந்தப் பட்டியலைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன். சத்தம் இல்லையா, பட்டியலில் உங்கள் ரீவியின் பெயரோ மொனிற்றரின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தும் சத்தம் இல்லை என்றால் வேலை சின்னது: வேறு எதையோ தெரிவு செய்திருப்பீர்கள், அல்லது சத்தம் குறைந்திருக்கும், அல்லது ரீவி தன் சொந்த ஸ்பீக்கரை விட்டு வெளி ஸ்பீக்கருக்கு மாறியிருக்கும். (கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ரிமோட்டில் விளையாடியது யார் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.) பெயரே இல்லை என்றால் விஷயம் வேறு. பெட்டிக்கு அந்த ரீவி சத்தம் போடும் என்பதே தெரியாது. அப்போது சத்தப் பட்டனை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

எனக்குப் பெரிய தலையிடி அந்த இரண்டாவது வகையில்தான் வந்தது. ஆடி மாதம் மாமியின் நாடகம் முடிந்து ரீவி திரும்பக் கிடைத்தது. படம் பளிச்சென்று வரும், சத்தம் வராது. பட்டியலில் ரீவியின் பெயர் இல்லை. அடுத்த நாள் ஒன்றும் செய்யாமலே எல்லாம் சரியாக இருக்கும். நாலு நாள் நல்ல பிள்ளை, ஐந்தாம் நாள் ஊமை. ஷட் டவுன் செய்து திரும்பப் போட்டுப் பார்த்தேன், சில நாள் அதுவும் கேட்கவில்லை. விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது, ஷட் டவுன் செய்தாலும் உள்ளே பாதியை அப்படியே எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அதையே எடுத்து விரிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. முழுதாக எழுப்ப வேண்டுமென்றால் "ரீஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். இன்டெல்லின் டிஸ்பிளே ஓடியோ ட்ரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். இரண்டு நாள் வேலை செய்தது, ஊருக்கெல்லாம் சொன்னேன், மூன்றாம் நாள் ஊமை. விண்டோஸையே அழித்துத் திரும்பப் போடு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எந்தப் பிழைக்கும் அதையே சொல்பவர்களை நான் நம்புவதில்லை. காய்ச்சலுக்கு வீடு மாறச் சொல்வது போல.

கடைசியில் பொறுமை போய், பெட்டியை யாழ்ப்பாணத்தில் ஒரு திருத்தும் கடைக்கு அனுப்பினேன். முல்லைத்தீவிலிருந்து பரந்தன், ஆனையிறவு தாண்டிப் போகும் பஸ்ஸை மறித்து, "தம்பி, இது கண்ணாடிச் சாமான் மாதிரி, மேல போடாதையும்" என்று கொண்டக்டரிடம் கொடுத்தேன். "அக்கா, என்ர மடியிலயே வைக்கிறன்" என்றான் அவன். ஐந்தாம் நாள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. மேலே ஒட்டியிருந்த துண்டில் "சவுண்ட் ஓகே, பிழை இல்லை", கீழே 1500 ரூபாய். எனக்குக் கோபம் வந்தது. பார்க்காமலே காசு வாங்கிவிட்டார்கள் என்று வீட்டில் பொரிந்து தள்ளினேன்.

விடையைச் சொன்னது பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன். பாடத்தில் வாய் திறக்காதவன், மூலையில் பிளக்குக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். "ரீச்சர், இது கரண்ட் போய் வந்த நாளிலதான் கதைக்காது" என்றான். நான் நம்பவில்லை. அவன், "திங்கள் போகேல்ல, கதைச்சது. நேற்று ரெண்டு மணிக்குப் போய் மூண்டுக்கு வந்தது, கதைக்கேல்ல" என்றான்.

என் இடாப்பில், கரண்ட் இல்லாமல் போன நாட்களில் ஓரத்தில் ஒரு "மி" போடுவது வழக்கம். சத்தம் வராத நாட்களிலும் எரிச்சலில் ஒரு கோடு போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் கோடு போட்ட ஒன்பது நாளில் எட்டு நாள் "மி". ஒன்பதாவது நாள் கரண்ட் போகவில்லை. அன்று என்ன நடந்தது என்று குசினிக்குள் விசாரித்ததில், மாமி மல்டிபிளக்கை இழுத்து கிரைண்டர் போட்டிருக்கிறார்.

அன்றிரவு வேண்டுமென்றே செய்து பார்த்தேன். ரீவியை ரிமோட்டில் நிறுத்தினேன், மினி பிசியையும் நிறுத்தினேன், பிளக்கை இழுத்து ஒரு நிமிடம் விட்டுத் திரும்பச் செருகினேன். ரீவி சிவப்பு விளக்கோடு நித்திரையில் இருந்தது. மினி பிசியோ, பட்டனை ஒருவரும் தொடாமல், தானே நீல விளக்கைப் போட்டுக்கொண்டு எழும்பியது. அரை நிமிடம் கழித்து ரீவியைப் போட்டேன். படம் இருக்கிறது, சத்தம் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை. அடுத்த முறை ரீவியை முதலில் போட்டு, படம் தெளிந்த பிறகு பெட்டியை எழுப்பினேன். பெயர் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. மூன்று தரம் மாறி மாறிச் செய்தேன், மூன்று தரமும் அப்படியே.

உள்ளே நடப்பது இதுதான். எச்டிஎம்ஐ வயரைக் கொளுவியதும் ரீவி தன்னைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றைப் பெட்டியிடம் கொடுக்கும். ஈடிஐடி என்பார்கள். என்ன பெயர், எந்த அளவுப் படம் காட்டுவேன் என்பதெல்லாம் முதல் 128 பைட்டில் இருக்கும். சத்தம் வாங்குவேன் என்பது அதற்குப் பின்னால் வரும் இணைப்பில்தான் இருக்கும். ரீவி அரை நித்திரையில் இருக்கும்போது பெட்டி கேட்டால் சில ரீவிகள் பதிலே சொல்லாது, சிலது பாதியோடு விட்டுவிடும். பின்னிணைப்பு கைக்கு வராவிட்டால் பெட்டி, இது சத்தமில்லாத வெறும் மொனிற்றர் என்று முடிவு கட்டிவிடும். படம் வந்து சத்தம் வராத மர்மம் அவ்வளவுதான்.

பெட்டி ஏன் தானாக எழும்பியது? அண்ணா கமராவுக்கு வைத்திருந்தார் என்று சொன்னேன் அல்லவா. லண்டனில் கரண்ட் போய் வந்தால் கமரா பதிவு விடுபடக் கூடாதென்று, பயோஸில் (விண்டோஸுக்கு முன்னால் எழும்பும் பெட்டியின் அடிப்படைச் செட்டிங்கில்) "ரிஸ்டோர் ஏசி பவர் லாஸ்" என்ற இடத்தில் "பவர் ஒன்" என்று வைத்திருக்கிறார். அங்கே அது வருடத்தில் ஒரு தரம் வேலை செய்திருக்கும், இங்கே கிழமைக்கு இரண்டு தரம். பெட்டியைப் போட்ட கையோடு டிலீட் கீயை விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் என் பெட்டியில் பயோஸ் திறக்கும், சிலதில் எஃப்2. அதை "பவர் ஒஃப்" என்று மாற்றினேன். அதற்குப் பிறகு கரண்ட் வந்தாலும் பெட்டி நான் எழுப்பும் வரை கிடக்கும். வகுப்பு நடுவே கரண்ட் போய் வந்து, அவசரத்தில் பெட்டியை முதலில் போட்டு ஊமையாகிவிட்டால், ரீவி எரியும்போதே எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிப் பத்து எண்ணிவிட்டுத் திரும்பப் போடுவேன். ரீவி திரும்ப ஒருமுறை தன் பெயரைச் சொல்லும்.

யாழ்ப்பாணக் கடைக்காரர் ஒரு பிழையும் செய்யவில்லை. அவர் மேசையில் எரிந்துகொண்டிருந்த மொனிற்றரில் கொளுவி, பட்டனை அமத்திப் போட்டிருப்பார், சத்தம் கேட்டிருக்கும். நான் அனுப்பியது பெட்டியை மட்டும். வயரை அனுப்பவில்லை, ரீவியை அனுப்ப முடியாது, எங்கள் ஊர்க் கரண்டை எந்த பஸ்ஸில் அனுப்புவது? அந்த மூன்றுக்கும் நடுவில்தான் பிழை குடியிருந்தது. இனி எதையாவது திருத்தக் கொடுத்தால், என்ன செய்த பிறகு பிழை வருகிறது, எந்த நாளில் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி, அடப்டரையும் வயரையும் சேர்த்தே கட்டி அனுப்புவேன்.

இதெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு சின்னக் கரைச்சல் மிஞ்சியது. சொல்வதெழுதலுக்கு ஆங்கிலச் சொற்களை என் போனில் பதிந்து, ஒவ்வொரு சொல்லையும் தனிக் கோப்பாக ரீவியில் விடுவேன். "அம்பிரெல்லா" என்று பதிந்திருப்பேன், பிள்ளைகளின் கொப்பியில் "ரெல்லா" என்று இருக்கும். ஒருவர் இருவர் அல்ல, எல்லோரும். சத்தமில்லாமல் சில விநாடி போனதும் எச்டிஎம்ஐயில் ஒலி வழி தூங்கிவிடும். புதுச் சத்தம் வரும்போது ரீவி அதைப் பிடிக்க அரை விநாடி, ஒரு விநாடி எடுக்கும், அதற்குள் சொல்லின் தலை போய்விடும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இரண்டு விநாடி வெறுமையாக விட்டேன், அந்த வெறுமையிலேயே ரீவி விழித்துக்கொள்ளும். அப்புறம் எல்லாச் சொல்லையும் ஒரே கோப்பாக்கி, இடைவெளியில் மணிக்கூட்டின் டிக் டிக்கை மெல்ல ஓடவிட்டேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை மண்டபம் மாதிரிப் பயமும் வந்தது. அது நல்லதுதான்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. கடும் வெயில் காலத்தில் பெட்டியின் உலோக மூடியைத் தொட்டால் விரலில் மெல்லச் சுள்ளென்றது, ஸ்பீக்கரிலும் "ம்ம்ம்" என்று இரைச்சல். அண்ணாவின் சதுர முள் பிளக்கை எங்கள் வட்டத் துளையில் போட, ஏர்த் இல்லாத மலிவு அடப்டர் ஒன்றைப் பாவித்திருந்தேன். அதை எறிந்துவிட்டு ஏர்த் முள் உள்ளதை வாங்கினேன். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. வயரிங் செய்யும் அண்ணை வந்து கிணற்றடியில் ஏர்த் கம்பியைப் பார்த்தார். மண் காய்ந்து வெடித்திருந்தது, கிளிப் துருப்பிடித்துக் கையோடு வந்தது. காய்ந்த மண் கரண்டை நன்றாக உள்வாங்காது, ஏர்த் இருந்தும் இல்லாத மாதிரி. கிளிப்பை மாற்றிக் கட்டிய அன்றே சுள்ளும் நின்றது, இரைச்சலும் நின்றது. இரைச்சல் போக ஏர்த் முள்ளையே வெட்டிவிடச் சொல்வார்கள் சிலர். பிள்ளைகள் தொடும் சாமான், அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஐப்பசியில் பின்னேர இடி தொடங்கியது. வகுப்பை விட்டதும் பிளக்கைக் கழற்றினேன், டிஷ் அன்ரனா வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். அடுத்த நாள் ரீவி நல்லாயிருந்தது, ஆனால் இரண்டாம் எச்டிஎம்ஐ துளை செத்துவிட்டது. மினி பிசியும் செத்ததென்று நினைத்து நெஞ்சு இடித்தது. கப்ஸ் லொக்கை அமத்திப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. வயரை முதலாம் துளைக்கு மாற்றினேன், படம் வந்தது. இப்போது வானம் கறுத்தால் பெடியன்களில் ஒருவன் சொல்லாமலே எழும்பிப் போய் டிஷ் வயரையும் எச்டிஎம்ஐயையும் கழற்றிவிடுகிறான்.

போன கிழமை அண்ணா எடுத்தார். "ரீவி பழசாப் போச்சு போல, நல்ல மொனிற்றர் ஒண்டு அனுப்பட்டே?" என்று கேட்டார். மொனிற்றர் வேண்டாம், இரண்டு மீற்றரில் தரமான எச்டிஎம்ஐ வயர் ஒன்றும், யூபிஎஸ்ஸுக்கு ஒரு பற்றரி வாங்கக் காசும் அனுப்புங்கோ என்றேன். காசு வந்துவிட்டது. வயர் அடுத்த பொங்கலுக்கு வரும் ஆளிடம் வருமாம்.